முறிந்த கோலுக்கும் ஒரு மெழுகுதிரி

கடற்கரைக் கோயிலின் தரையில் வழிந்த மெழுகைச் சுரண்டி எடுப்பதே சேசடிமையாரின் திருப்பணி. அது முடிந்ததும், பல தலைமுறைக்கு முன் கப்பலில் வந்த பெரிய திருமணப் படத்தின் முன் முழந்தாளிடுவார். தேவமாதாவுக்கும் சூசையப்பருக்கும் தலைமைக் குரு மணம் முடித்துவைக்கும் படம். புகை படிந்து நடுப்பகுதி கறுத்துவிட்டது. ஓரத்தில் ஒருவர் முழங்காலில் கோலை வைத்து வளைப்பது மட்டும் தெரியும். மரத்தில் கைவைத்தவர் தச்சராகிய சூசையப்பரன்றி வேறு யார்? தாயில்லாத மகள் ரெஜீனாளை அவரிடமே ஒப்படைத்து, நல்ல மாப்பிள்ளை வேண்டிவந்தார். மூன்று சம்பந்தம் கூடிவந்து மூன்றும் முறிந்தன. அப்போதும் அடியார் முகம் கோணவில்லை.

சூசையப்பர் திருநாளுக்கு முன் படத்தைத் துடைத்தார்கள். நடுவில் வேறொருவர், பூத்த கோலோடு, தேவமாதாவின் கைபிடித்து நின்றார். பெண் கேட்டு வந்தவர்களில் எவர் கோல் பூத்ததோ அவரே சூசையப்பர் என்றும், பூக்காத கோலை முறிப்பவர் பெண் கிடைக்காமல் போனவர் என்றும் உபதேசியார் விளக்கினார். ஊரே சிரித்தது.

"பொண்ணு கெடைக்காதவருகிட்டப் போயி மாப்பிள்ளை கேட்டிருக்கீரே வே. பொறவு சம்பந்தம் முறியாம என்ன செய்யும்?" என்றார் உபதேசியார்.

அடியார் திகைத்துப்போனார். இத்தனை வருடச் செபம் எங்கே போய்ச் சேர்ந்தது? மகள் வாழ்வைத் தாமே கெடுத்துவிட்டோமா? சூசையப்பர் பக்கம் திரும்பினார். கோல் முறிப்பவரின் பேசிப் பழகிய முகத்தைக் கைவிடவும் மனம் வரவில்லை. பாவம், அவரும் ஆசையோடு கோல் எடுத்து வந்தவர்தானே. கையிலிருந்த ஒரே மெழுகுதிரியை இரண்டாக ஒடித்து, இருவர் முன்னும் ஏற்றினார்.

"சூசையப்பரே, ஆளு தெரியாம இருந்துட்டேன், பொறுத்துக்கிடும். ஆனா இவரு வெறுங்கையோட போனவரு. இவருக்காவயும் யாராச்சும் செபிக்கணும்லா."

பக்கத்து ஊர் வள்ளக்காரர் ஒருவர் பின்னால் அமர்ந்திருந்தார். கால் ஊனத்தைச் சொல்லி நான்கு வீட்டில் பெண் மறுக்கப்பட்டவர். அந்தச் செபம் தமக்கே செய்யப்பட்டதாக எண்ணி அழுதுவிட்டார். அடியார் யாரென்று விசாரித்து, மறுநாள் தாயோடு வந்து ரெஜீனாளைக் கேட்டார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்து, சம்மதம் என்றாள். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்க அடியாருக்குத் தோன்றியது.

"சூசை," என்றார் அவர்.

மாப்பிள்ளையை அனுப்பியவர் கோல் பூத்தவரா, கோல் முறித்தவரா என்பது அடியாருக்குக் கடைசிவரை விளங்கவேயில்லை. ஒருநாளும் தவறாமல் ஒரு திரியை இரண்டாக ஒடித்து இருவர் முன்னும் ஏற்றினார். ஆள் மாறிப்போன செபத்தையும் ஆண்டவர் கைநீட்டி வாங்கிக்கொண்டார் என்றால், சேசடிமையாரின் குழப்பமும் பக்திதான்.