உலகம்மை ஓட்டிவந்த பிராணி

வேங்கைப்பட்டணத்து ராஜா சித்திரசேனருக்கு ஆடு மாடு என்றால் உயிர். கால்நடை வைத்தியம் படிக்க ஒரு கலாசாலையே கட்டினார். கடைசி வருஷ மாணவர்கள் அரண்மனைத் தொழுவத்தில் பயிற்சி எடுக்க வேண்டும், ஆளுக்கொரு பிராணியைப் பராமரிக்க வேண்டும், முடிவில் அதைச் சபைக்கு ஓட்டிவந்து அதன் குணம், தீனி, நோய் எல்லாம் சொல்ல வேண்டும். அப்போதுதான் முத்திரை. முத்திரை இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

நல்ல சட்டம்தான். ஆனால் தொழுவத்து அதிகாரியாக வந்து வாய்த்தவர் மார்த்தாண்ட பூபதி ஆயிற்றே! சபைக்கு மாடு வந்தால் கம்பளம் பாழாகும் என்று சொல்லி அந்த வழக்கத்தை நிறுத்தினார். தான் தலையசைத்தால் முத்திரை என்று ஆக்கிக்கொண்டார். பிறகென்ன? பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் அவர் வீட்டில் எடுபிடி. முதுகு தேய்க்க ஒருவன், கால் பிடிக்க ஒருவன், விசிற ஒருவன். சம்பளம் கேட்டால், "அனுபவம் கிடைக்கிறதே, போதாதா?" என்பார். மாட்டைத் தொட்டே பல வருஷம் ஆன மனுஷர். யார் எந்த மாட்டைப் பற்றிக் கேட்டாலும், "சாணி வண்டியில் பூட்டு, சரியாகிவிடும்" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

உலகம்மை என்ற மாணவி ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்: "ஐயா, எங்களுக்கு மாட்டை எப்போது காட்டுவீர்கள்?"

தொலைந்தது! எல்லாருக்கும் முத்திரை வந்தது, அவளுக்கு மட்டும் வரவில்லை. "இவள் ஒரு பிராணியைக்கூடத் தொட்டதில்லை, பிரபு" என்று பூபதி ராஜாவிடம் கூசாமல் சொன்னார். ராஜாவும் கொதித்துப்போய், "நாளைக்குள் தொழுவத்தில் செய்த வேலையை நிரூபிக்காவிட்டால் கலாசாலையை விட்டு வெளியேறு" என்றார். முத்திரை பெற்றவர்களில் ஒருவனாவது வாய் திறக்க வேண்டுமே? ஊஹூம்.

உலகம்மை அழுதுகொண்டே அரண்மனை விகடகவி மல்லாண்டியிடம் ஓடினாள். ஊரில் அவளுக்கு மாட்டு வைத்தியர் வேலை காத்திருந்தது. பட்டம் இல்லாமல் அங்கே எந்த முகத்தோடு போவாள்?

"அழாதே, தாயி. பூபதி வீட்டில் என்ன செய்தாய்?" என்று கேட்டார் மல்லாண்டி. அவள் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதையேதான் நாளைக்கும் சொல்லப் போகிறாய். ஒரு சொல்கூடப் பொய் வேண்டாம். போ, ஒரு கயிறு மட்டும் வாங்கி வை."

மறுநாள் சபை கூடியது. மல்லாண்டி எழுந்தார். "மகாராஜா, நீங்கள் போட்ட பழைய சட்டப்படியே இந்தப் பெண் தன் பிராணியைப் பற்றிச் சொல்லட்டுமே!"

"சொல்லட்டும்" என்றார் ராஜா.

கயிற்றோடு வந்து நின்றாள் உலகம்மை. "வெயில் ஏறும்வரை தூங்கும், மகாராஜா. எழுந்ததும் ஒரே கத்தல். வெந்நீர் விட்டு முதுகைத் தேய்த்தால்தான் அடங்கும்."

"எருமையாகத்தான் இருக்கும்" என்றார் ராஜா. "தீனி?"

"எதைப் போட்டாலும் தின்னும். பக்கத்துத் தொட்டியையும் விடாது. தின்றதும் வயிறு உப்பிக் காலை நீட்டிவிடும். நாங்கள் பிடித்துவிட வேண்டும். வேலை என்றால் மட்டும் ஓர் அடி நகராது."

மாணவர்களில் ஒருவன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். இன்னொருவனுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

"இது என்ன நோய்?" என்றார் ராஜா. நோய் என்றதும் பூபதிக்கு வாய் சும்மா இருக்குமா? "பிரபு, இது நோயே அல்ல! கொழுப்பு! செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறார்கள். தீனியைப் பாதியாகக் குறைத்துச் சாணி வண்டியில் பூட்டச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் வழிக்கு வரும்."

"சரியான வைத்தியம்!" என்றார் மல்லாண்டி.

"சரிதான், எங்கே அந்தப் பிராணி? ஓட்டி வா" என்றார் ராஜா.

உலகம்மை நேரே நடந்து போனாள். கயிற்றைப் பூபதியின் காலடியில் வைத்தாள். "எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது, மகாராஜா."

பூபதி துள்ளி எழுந்தார். "அபாண்டம்! அக்கிரமம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

"எழுந்தால் கத்தும் என்றேனே" என்றாள் உலகம்மை.

ராஜா மாணவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்கள் எல்லாம் எந்தப் பிராணியைப் பராமரித்தீர்கள்?"

அவர்கள் தலையைக் குனிந்தார்கள். "அதே பிராணிதான், மகாராஜா."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அதை நிமிர்த்தும்போதுதான் அவருக்கு உறைத்தது. "அப்படியானால் இத்தனை நாளும் என் மாடுகளை யார் பார்த்தது?" என்று கேட்டார்.

சித்திரசேனருக்கு முகம் சிவந்துவிட்டது. "அடங்காத பிராணியையே பார்த்துக்கொண்ட இந்தப் பெண்ணுக்கு முத்திரை. மாட்டுக்கு வைத்தியம் செய்ய அவளுக்கு இனி என்ன பயம்? வாயை மூடிக்கொண்டு முத்திரை வாங்கியவர்கள் எல்லாரும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போங்கள். மல்லாண்டி, உமக்கு என் முத்துமாலை." கழற்றிக் கொடுத்துவிட்டுப் பூபதியைப் பார்த்தார். "இவருக்கு இவர் சொன்ன வைத்தியமேதான். எப்போது ஆரம்பிக்கலாம்?"

மல்லாண்டி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வாசலைக் காட்டினார். "வண்டி காலையிலிருந்தே அங்கே நிற்கிறது, மகாராஜா. பூட்ட வேண்டியதுதான் பாக்கி."