அரசனின் பட்டைப் போர்த்திய வாதசிங்கம்

முன்னொரு காலத்தில், தொண்டை வலுத்தவனுக்கே நியாயம் என்றிருந்த ஒரு நாட்டில், அரசனுக்கு ஊஞ்சல் ஆசை வந்தது. ஊஞ்சல் கட்ட அரண்மனை மரங்கள் ஆகாதாம். ஊருக்குத் தெற்கே, செக்காட்டும் ஆவுடையப்பனின் இலுப்பைத் தோப்புதான் வேண்டுமாம்.

அந்தத் தோப்பில் விழும் கொட்டையை ஆட்டித்தான் ஆவுடையப்பன் வீட்டில் உலை கொதித்தது. தோப்பு போனால் செக்கை விறகுக்கு உடைக்க வேண்டியதுதான். அவன் அழுதுகொண்டே சபைக்கு வந்தான். சும்மா பறிக்க மாட்டேன், வழக்காடியே எடுத்துக்கொள்வேன் என்று அரசன் பெருந்தன்மையாகச் சொன்னான். வழக்கு என்றால் அவனுக்குச் சேவற்கட்டு பார்ப்பது மாதிரி.

அரசனுக்காகப் பேசுகிறவர் வாதசிங்கம் பேரம்பலவாணர். எதிராளியின் பாட்டன் பூட்டனையெல்லாம் சபைக்கு இழுத்து ஏசுவார். சட்டத்துக்கு வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவருக்கு அரண்மனை விகடன் தாண்டவனைக் கண்டாலே ஆகாது. சபை சிரித்தால் தாண்டவனுக்காகத்தான் சிரிக்கிறது என்ற புகைச்சல்.

"எண்ணெய்க்காரனுக்குத் தாண்டவனே பேசட்டும், அரசே. ஆனால் இவன் நாக்கில் ஊசி வைத்திருப்பவன். ஒரு சுடுசொல் வந்தாலும் வழக்குத் தோற்றதாகத் தீர்த்துவிடலாம்" என்றார். அரசனுக்கு அது பிடித்துப்போயிற்று.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாதாடுகிறவர் தம் கட்சிக்காரரின் மேல்துண்டைப் போர்த்திக்கொள்ள வேண்டும். துண்டு தோளில் இருக்கும்வரை அவர் பேசுவதெல்லாம் கட்சிக்காரரே பேசியது. பிறகு மாற்றிச் சொல்ல முடியாது. பேரம்பலவாணர் அரசனின் சரிகைப் பட்டைப் போர்த்திக்கொண்டார். தாண்டவன் ஆவுடையப்பனின் பிசுக்குத் துண்டைப் போட்டுக்கொண்டான்.

வாதசிங்கம் கர்ஜிக்கத் தொடங்கியது. தாண்டவனைக் குரங்காட்டி மகன் என்றார், சோற்றுக்குப் பல்லிளிப்பவன் என்றார். தாண்டவன் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் அவருக்கு இருமல் வர, ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் ஆவுடையப்பன். எதிராளியின் வழக்காடி கடிக்கிறான், நமக்கு வாய்த்தவன் விசிறி வீசுகிறானே, அரண்மனை இவனை மடக்கிவிட்டதோ என்று கலங்கினான். "சாமி, கட்டி வைத்த மாடுகூட ஒரு முட்டு முட்டும்" என்று காதோடு முனகினான்.

தாண்டவன் காதில் வாங்காமல் சிங்கத்தின் பக்கம் திரும்பினான். "ஐயா, தோப்பு அரண்மனையுடையது என்பதற்கு என்ன சாட்சி என்று அருள்கூர்ந்து சொல்ல வேண்டும்."

சாட்சி ஏது? பேரம்பலவாணர் இன்னும் உரக்க ஏசினார். தாண்டவன் அதே கேள்வியை அதே குரலில், தாலாட்டுவதுபோலக் கேட்டான். ஏசுகிறவனுக்கு எதிரே ஏச ஆள் வேண்டும். வெறும் காற்றைக் குத்தினால் தன் தோள்தான் கழலும். மறுபடியும் தாண்டவன் கேட்டதும் பேரம்பலவாணருக்குத் தலை கிறுகிறுத்தது.

"தோப்பு தோப்பு என்று உயிரை வாங்குகிறாயே! கொண்டுபோய்த் தொலை உன் தோப்பை. என் கண்ணிலேயே முழிக்காதே" என்று கத்தினார்.

தாண்டவன் அவரை நோக்கிக் கும்பிட்டு, "உத்தரவு, அரசே" என்றான். பிறகு ஆவுடையப்பனிடம், "கிளம்பப்பா. தோப்பு உன்னுடையது என்று அரசர் சொல்லிவிட்டார். அவர் கண்ணில் படாமல் போகவேண்டுமாம்" என்றான்.

சிங்காசனத்திலிருந்த அரசன் விழித்தான். "நான் எப்போதடா சொன்னேன்?"

"தங்கள் பட்டு இன்னும் அவர் தோளில்தான் இருக்கிறது, அரசே. என்னைக் குரங்காட்டி மகன் என்றதும் தாங்கள்தான். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை."

காலையிலிருந்து எத்தனை வசவு தன் வாயிலிருந்து வந்திருக்கிறது என்று அரசன் எண்ணிப் பார்த்தான். முதலில் முகம் சுருங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் கைக்கடகத்தைக் கழற்றித் தாண்டவன் கையில் போட்டுவிட்டு, ஊஞ்சலை அரண்மனை வேம்பிலேயே கட்டச் சொன்னான்.

ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வாசலில், கண் கலங்கி இறங்கிய பேரம்பலவாணரின் கையைத் தாண்டவன் பிடித்துக்கொண்டு, "படி பார்த்து, ஐயா" என்றான்.

"வழக்குதான் ஜெயித்தாச்சே, சாமி. இன்னும் எதற்கு இந்த மரியாதை?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"நல்லா கேட்டாய். நாளைக்கும் அவரோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறதப்பா."