ஆளைச் சொல்லும் வார்த்தைகள்

“ஆளைப் பாத்துச் சொல்லுவாங்கள்ல மிஸ், அந்த வார்த்தைங்க மட்டும் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள் செண்பகவல்லி.

ஜெபசெல்வி மிஸ் சாக்பீசைக் கீழே வைத்தாள்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் அவள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறாள். வருகிறவர்கள் வேலைக்காக வருவார்கள், இல்லையென்றால் வெளிநாடு போக வருவார்கள். முப்பதைத் தாண்டிய ஒரு பெண் வந்து இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. தன்னைவிட மூத்தவள் என்பதால் மிஸ் அவளை அக்கா என்றே கூப்பிட்டாள்.

“எதுக்குக்கா?”

செண்பகவல்லி சொன்னாள். அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியைத் தமிழில் புகழ்வார்கள். அவளைப் பற்றி மட்டும் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டு அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவளும் சிரித்து வைப்பாள். இரண்டு நாள் கழித்து அப்பா போன் பேசிவிட்டு வந்து, ஜாதகம் ஒத்துவரவில்லையாம் என்பார். வருஷக்கணக்காக இதேதான் நடக்கிறது.

“ஜாதகம் பாத்துட்டுத்தானே மிஸ் பொண்ணு பாக்கவே வாராங்க?”

அவர்கள் என்ன பேசினார்கள் என்று அப்பாவிடமே கேட்டிருக்கலாமே என்றாள் மிஸ்.

“அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல பண்டல் கட்டுனவர் மிஸ். எட்டாவதோட நின்னுட்டார். அவருக்கு எங்க இங்கிலீஷ்? இங்கிலீஷ் படிக்கப் போறேன்னு மட்டும் அவர்ட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.”

மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு எது வேணும்? கேக்கதுக்கா, சொல்லதுக்கா?”

“ரெண்டுக்கும். அவங்க சொல்லுதது எனக்குப் புரியணும். ஒரே ஒரு தடவை, அவங்களுக்குப் புரியிற மாதிரி நான் திருப்பிக் குடுக்கணும்.”

“கேக்கதுக்கு ஒரு நாள் போதும்க்கா. சொல்லதுக்குத்தான் நாளாகும்.”

“ஆகட்டும்” என்றாள் செண்பகவல்லி.

மிஸ் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். கீழே பஸ் ஸ்டாண்ட் முழுக்க ஆட்கள்.

பாடம் அங்கேயே நடந்தது. விளாத்திகுளம் பஸ்ஸுக்குக் காத்திருந்த நெட்டையான ஆள் டால். அவர் பக்கத்தில் நின்ற குள்ளமான அம்மா ஷார்ட். ஒல்லியான வாழைப்பழத் தள்ளுவண்டிக்காரர் தின், அவரிடம் பேரம் பேசிய குண்டு வக்கீல் ஃபேட். தலையில் முடி இல்லாத கண்டக்டர் பால்ட். வெளுப்பாக இருந்தவர்கள் ஃபேர், மற்ற எல்லாரும் டார்க்.

செண்பகவல்லி சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். கோபத்தில் படிக்கிறவர்களுக்குப் பாடம் அப்படித்தான் ஏறும். ஒரு வாரத்தில் ஜன்னலில் கை ஊன்றிக்கொண்டு, போகிற வருகிற யாரையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். கீழே இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் மிஸ் ஜன்னலைச் சாத்தினாள்.

“இப்போ என்னைச் சொல்லுங்க.”

மிஸ்ஸுக்கு உதட்டோரத்திலிருந்து கன்னம் வரைக்கும் வெண்திட்டு. யாருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

“டால்” என்றாள் செண்பகவல்லி. “தின்... லாங் ஹேர்...”

“அப்புறம்?”

“பியூட்டிஃபுல்.”

“முதல்ல கண்ணுல பட்டதை விட்டுட்டீங்களேக்கா.”

செண்பகவல்லி தரையைப் பார்த்தாள்.

“அதுக்கு வார்த்தை தெரியாததாலயா?”

“தெரியும் மிஸ்.”

“சரி, போயிட்டு வாங்க. நாளைக்குப் பாப்போம்” என்றாள் மிஸ். அன்றைக்கு வேறு பாடம் நடக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சேதி வந்தது. செண்பகவல்லி கேசரிக்கு ரவை வறுக்கும்போதே தன்னுடைய வாக்கியத்தையும் சொல்லிச் சொல்லிப் பழகினாள். ஐ நோ இங்கிலீஷ் என்று ஆரம்பிக்க வேண்டும். அதன் பிறகு மாப்பிள்ளையின் தலையைப் பற்றி ஒன்று, அவன் அக்காவின் உடம்பைப் பற்றி ஒன்று. அவர்கள் அனுப்பியிருந்த குடும்பப் போட்டோவிலேயே இரண்டுக்கும் இடம் இருந்தது. அதற்கு மேல் கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி. இத்தனை வருஷமாகச் சிரித்து வைத்த சிரிப்பை ஒரு தடவையாவது திருப்பி வாங்கிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா வீட்டின் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காதான் செண்பகவல்லியைப் பார்த்தாள், புடவைக் கடையில் துணி பார்ப்பதுபோல நின்று நிதானமாக.

காபியைக் குடித்துக்கொண்டே, கேசரி பிரமாதம் என்றாள் அக்கா. பிறகு அம்மா பக்கம் திரும்பி, குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னாள்.

“டூ டார்க். ஷார்ட் ஆல்சோ. அண்ட் லுக்ஸ் ஓல்ட்.”

ஒவ்வொரு வார்த்தையும் செண்பகவல்லிக்குப் புரிந்தது. இத்தனை தடவையும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் புரிந்தது. எரிந்தது, ஆனால் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்வதற்கு முன்னால், மகள் இங்கிலீஷ் பேசும்போது அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத் திரும்பினாள்.

அப்பா ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உதட்டில் விருந்தாளிக்கான சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் பயம். பக்கத்து அறைச் சத்தத்தில் குழந்தை முழித்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கிற பயம். கை தோள்துண்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

அவருக்கும் புரிந்திருந்தது.

இன்றைக்கு மட்டும் இல்லை. முதல் தடவையிலிருந்தே, அல்லது இரண்டாவது, மூன்றாவது தடவையிலிருந்து அவருக்குப் புரிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தெருமுனை வரை போய், போன் பேசுவதுபோலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மகளுக்குச் சொல்ல வேண்டியதை யோசித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். செண்பகவல்லிக்கு அழுகை வரப் பார்த்தது. இந்த ஜனங்களுக்காக அவள் ஒருநாளும் அழுததில்லை.

அவள் வாக்கியத்தை விழுங்கினாள்.

“என்னப்பா சொல்லுதாங்க?” என்று ஒன்றும் புரியாதவளாகக் கேட்டாள்.

அப்பாவின் கை துண்டை விட்டது.

“காபி நல்லாருக்குன்னு சொல்லுதாங்கம்மா.”

“அப்படியா? இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா மதினி?” என்று சிரித்துக்கொண்டே அக்காவின் பக்கம் போனாள்.

மறுநாள் மாடியேறி வந்தபோது மிஸ் தனியாக இருந்தாள்.

“திருப்பிச் சொன்னீங்களாக்கா?”

“இல்ல மிஸ்.”

“மறந்துபோச்சா?”

“ஒண்ணும் மறக்கல. அப்பாவுக்கும் இங்கிலீஷ் புரியுது மிஸ்.”

“அவரு எங்க படிச்சாரு?”

“எங்க வீட்லயேதான். பக்கத்துலயே உக்காந்து இத்தனை வருஷம் கேட்டிருக்காரே. வந்தவங்க எல்லாரும் அவருக்குப் பாடம் நடத்திட்டுத்தான் போயிருக்காங்க.”

மிஸ் போர்டில் இருந்ததை எல்லாம் அழித்தாள். அழித்து முடித்தபிறகும் துணியை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“இனிமே நான் வரல மிஸ்.”

“சரிக்கா.”

செண்பகவல்லி படி வரைக்கும் போய் நின்றாள்.

“அப்பா உங்ககிட்ட வருவாரு. எனக்கு எவ்வளவு வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கிடாம அவருக்குத் தூக்கம் வராது.”

“வந்தா?”

“அவளுக்கு ஒரு வார்த்தைகூட ஏறலன்னு சொல்லிருங்க மிஸ்.”