ஐஸ் தூங்கிய பகல்

அந்தக் காலத்தில், நாரையும் நண்டும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, ஐஸ் கரையாது. அப்போதே அதற்கு ஐஸ் என்றுதான் பெயர். யார் வைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கடற்கரைக் குப்பம் ஒன்றில் அப்படி ஒரு ஐஸ் இருந்தது. அம்மிக்கல் அளவு இருக்கும். கூப்பிட்ட இடத்துக்குத் தானே உருண்டு போகும்.

விடிந்தால் மீன்கூடைக்குள் படுக்க வேண்டும். வெயில் ஏறினால் சர்பத் பானையில் இறங்க வேண்டும். எவனாவது படகிலிருந்து வழுக்கி விழுந்தால் அவனுடைய வீங்கிய முட்டிமேல் உட்கார வேண்டும். சாவு வீட்டில், வெளியூர் சொந்தம் வந்து சேரும்வரை பிணத்துக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் "ஐஸு, ஐஸு" என்று ஒரே கூப்பாடு. கொஞ்சமும் தேயாமல் இருந்ததால், அதற்கும் அலுப்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மீன் ஏலம் எடுக்கும் அய்யாக்கண்ணு மட்டும் நயமாகப் பேசுவார். "ஒன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கா? இன்னும் நாலு கூடதான், ராசா." ஐஸுக்கே ஐஸ் வைத்த முதல் ஆள் அவர்தான்.

ஒரு மத்தியானம் காத்தாயி கூப்பிட்டாள். அவளுடைய நாலு வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வாசலுக்கு வந்த ஐஸை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ தூங்கி எத்தினி நாளாச்சு?"

"தூங்குனதே இல்ல."

"செத்த நேரம் படு. ஈரத்துணி போட்டுப் பாக்குறேன். முடியலன்னா எழுப்புறேன்." மூலையில் கிடந்த சாக்கை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

ஐஸுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணை மூடியது. அதற்குள் குழந்தைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காத்தாயி எழுப்பும் முன்பே ஐஸ் சாக்கை உதறிவிட்டு நெற்றியில் போய் உட்கார்ந்தது. சூடு இறங்கவில்லை.

கூரைமேல் இருந்த நாரை எச்சரித்தது. "சூட்ட உள்ள வாங்கிடாத. வாங்குனா தண்ணியாப் போயிடுவ."

"போனாப் போறேன். எனக்கும் முடியல," என்றது ஐஸ்.

பாசத்தால் செய்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பாதி பாசம், பாதி அலுப்பு.

காய்ச்சல் மொத்தத்தையும் அது உள்ளே வாங்கிக்கொண்டது. பாய் நனைந்தது. குழந்தை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது. ஐஸில் கொட்டைப்பாக்கு அளவுதான் மிச்சம். காத்தாயி அதைச் சாக்கில் பொதிந்து நிழலில் வைத்தாள்.

அய்யாக்கண்ணு வாசலில் வந்து நின்றார். "ஐஸு எங்க? மீனு நாறிடும்."

"தூங்குது. எழுப்பாதீங்க."

அவர் சாக்கைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே உப்பு வாங்கப் போனார்.

அன்று முதல்தான் அந்த வம்சத்து ஐஸ் எல்லாம், எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தண்ணீராகிப் போய்விடுகிறது. சாக்கைப் போர்த்தினால் மட்டும், ஒருத்தி தன்னைத் தூங்கச் சொன்னதை நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.