கொம்பு கவ்விய கீரிகள்

ஆவாரங்காட்டுக் குளக்கரையில் ஐந்து கீரிகள் காவல் காத்தன. பொழுது சாயும்போது சிறு பிராணிகளின் வளை வளையாகப் போகும். “உள்ளே சுகமா?” என்று கேட்கும். பதில் குரல் வந்த பிறகே அடுத்த வளைக்கு நகரும்.

அந்தக் கோடையில் நரிகள் முள்ளம்பன்றி முட்களைக் கவ்விக்கொண்டு வரத் தொடங்கின. முதல் சண்டையிலேயே ஒரு கீரி கழுத்தில் முள் பாய்ந்து செத்தது.

“வெறும் பல்லை வச்சுக்கிட்டு இதுங்களோட எப்படி மோதறது?” என்றது மூத்த கீரி சடையன். செத்த காட்டுப்பன்றிகளின் கோரைப்பல் கொம்புகளைத் தேடி எடுத்து, நான்கு கீரிகளும் ஆளுக்கொன்று கவ்விக்கொண்டன.

வெள்ளச்சி முயலுக்கு ஒரு சந்தேகம்.

“வாயில கொம்பு இருந்தா எங்களை எப்படி அண்ணே கூப்பிடுவீங்க?”

சடையன் கொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது: “வாசல்ல ரெண்டு தட்டு தட்டுவோம். நீ குரல் கொடு.”

“நரி தட்டினா?”

“நரி என்னைக்கும்மா தட்டிட்டு வந்திருக்கு?” என்றது சடையன். மற்றக் கீரிகள் சிரித்தன.

கொம்பு பலித்தது. மறுநாளே இரண்டு நரிகள் ரத்தம் சொட்ட ஓடின. காடு அன்று நிம்மதியாகத் தண்ணீர் குடித்தது.

ஆனால் நரிகள் தட்டக் கற்றுக்கொண்டன. “இருக்கேன்” என்று குரல் கொடுத்த கிழட்டு உடும்பு, அதன்பின் குரல் கொடுக்கவேயில்லை. அன்றிலிருந்து தட்டலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த மாலை வெள்ளச்சியின் வாசலில் தட்டல் கேட்டது. தட். தட்.

“அம்மா, கீரி மாமாவா இருக்கும்,” என்றது குட்டி.

“மூச்சு விடாதே.”

வெளியே சடையன் நின்றது. வாசல் மண்ணில் புதிய நரித்தடம். உள்ளே சத்தமில்லை. வெள்ளச்சியைக் கொன்றுவிட்டு நரி பதுங்கியிருக்கிறது என்று நினைத்தது. கொம்பைக் கீழே வைத்துக் கூப்பிட்டுப் பார்க்கலாம். அதற்குள் முள் பாய்ந்துவிட்டால்?

சடையன் இருட்டுக்குள் பாய்ந்து குத்தியது.

எழுந்த அலறல் நரியுடையதல்ல. சடையன் கொம்பைக் கீழே போட்டது.

“வெள்ளச்சி, நான்தாம்மா.”

முயல் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. குட்டி அசையவில்லை.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே,” என்றது வெள்ளச்சி.

பகையை வெல்லப் பெரிய ஆயுதம் வேண்டியிருக்கலாம்; ஆனால் காவலனின் குரலை அடைத்துவிடும் ஆயுதம், பகைவன் செய்ய வந்ததைத் தானே செய்து முடிக்கும்.