கூடைக்குள் பதினொரு தாள்கள்

திருச்சி மத்திய பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. நடத்தியவர் பிலோமினா. ஐம்பது வயது, மூக்குக்கண்ணாடி, யாரிடமும் கறாராகப் பேச வராத குணம். வேலைக்கு வேறு ஆள் கிடையாது. ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. சுவரில் ஒரு கட்டணப் பலகை, அதற்குப் பக்கத்தில் கடிகாரம், மேசையில் பிரிண்டரும் கால்குலேட்டரும் ஒரு கட்டைப் பென்சிலும், மேசைக்கு அடியில் குப்பைக்கூடை. மனிதர் காதில் விழாதபடி இவை நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும்.

இவற்றில் தலைக்கனம் பலகைக்குத்தான். 'டிக்கெட் ஒன்றுக்குச் சேவைக் கட்டணம் ரூ. 300' என்று அதன்மேல் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது. எழுதி ஒன்பது வருஷம் ஆகிறது. சிங்கப்பூருக்கு நேராகப் போகிறவர் வருவார், தேதியைச் சொல்வார், பத்து நிமிஷத்தில் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு முந்நூறைக் கொடுத்துவிட்டுப் போவார்.

"பார்த்தீர்களா? என்னை ஒரு தடவை பார்த்தவர் அப்புறம் வாய் திறப்பதில்லை" என்று பலகை பீற்றிக்கொள்ளும். பத்து நிமிஷ வேலைக்கு எவர் வாய் திறக்கப் போகிறார்?

ஒரு திங்கட்கிழமை காலை குணசீலன் வந்தார். தில்லைநகரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அவருடைய தங்கை தேன்மொழி இரண்டு குழந்தைகளோடு கணவனிடம் போக வேண்டும். மூத்ததற்கு மூன்று வயது, இளையதற்கு எட்டு மாதம். கணவனுக்கு நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் ஒரு சின்ன ஊரில் வேலை.

"அக்கா, விசா வந்துருச்சு. ஆனா முப்பதாம் தேதிக்குள்ள அந்த நாட்டுக்குள்ள நுழைஞ்சிடணும்னு போட்டிருக்கு. ஒரு நாள் தப்புனாலும் விசா செல்லாது. மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். இதுக்கே ஒன்றரை வருஷம் ஆச்சு. சின்னதை அதோட அப்பன் இன்னும் கண்ணால பாக்கல."

"தனியாவா போறாங்க?"

"தனியாத்தான். சென்னையைத் தாண்டி எங்கயும் போனதில்ல அவ. பாத்துப் போடுங்கக்கா."

பிலோமினா பார்த்துத்தான் போட்டார். மூன்று விமானம் ஏறி இறங்க வேண்டிய பயணம். போகிற வழிகள் நிறைய இருந்தன. இவள் போகக்கூடிய வழி எது என்பதுதான் கேள்வி. பென்சிலை எடுத்து ஒரு தாளில் ஒரு வழியை எழுதினார். முதல் விமானத்தில் இறங்கி அடுத்ததில் ஏற நாற்பது நிமிஷம்தான் இருந்தது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று வைத்துக்கொண்டு அவளால் ஓட முடியாது. தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். அடுத்த வழி, நடுவில் பதினாறு மணி நேரம் காத்திருக்கச் சொன்னது. கூடைக்குப் போனது. இன்னொன்று முப்பதாம் தேதி இரவு பதினொரு மணிக்கு இறங்கியது. விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் தேதியே மாறிவிடும். அதுவும் கூடைக்கு.

ஒவ்வொரு தாளையும் கசக்குவதற்கு முன்னால், அந்த வழி ஏன் வேண்டாம் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுவது பிலோமினாவின் பழக்கம். மறந்துபோய் அதே வழியில் மறுபடி போய் முட்டிக்கொள்ளக் கூடாதல்லவா? இந்தப் பழக்கத்தை நீங்களும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் மத்தியானம் வரை இதே வேலை. பதினொரு தாள் கூடைக்குள் போய்விட்டது. பன்னிரண்டாவதில்தான் எல்லாம் பொருந்தியது. இருபத்தெட்டாம் தேதி காலையில் போய் இறங்கலாம். பெட்டி இடையில் எங்கும் நிற்காமல் கடைசி ஊருக்கே போய்விடும். நீளமான பயணத்தில் குழந்தைக்குத் தொட்டில் மாட்டுகிற முன்வரிசை இருக்கை கிடைக்கும். இந்தத் தொட்டில் விஷயத்தை உறுதிசெய்யவே பிலோமினா அரைமணி நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

சாயங்காலம் குணசீலன் வந்து தாளைப் படித்தார். "நல்லா இருக்குக்கா. உங்க சர்வீஸ் சார்ஜ்?"

பிலோமினா இந்தக் கேள்விக்கு மத்தியானத்திலிருந்தே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். "ரெண்டாயிரத்தைநூறு, தம்பி."

குணசீலன் நிமிர்ந்து பார்த்தார். "போர்டுல முந்நூறுன்னுல்ல போட்டிருக்கு?"

"அப்படிக் கேளுங்கள்!" என்றது பலகை.

"அது வந்து... சிங்கப்பூர், துபாய் மாதிரி நேராப் போறதுக்குத் தம்பி. இது..." என்று இழுத்தார் பிலோமினா.

"ஒரு பேப்பர்தானேக்கா? சரி, வீட்டுல காட்டிட்டு வந்துடறேன்."

"அதைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா!" என்று பென்சில் கத்தியது. அது யார் காதில் விழும்? பன்னிரண்டாவது தாள் நாலாக மடிந்து குணசீலனின் சட்டைப்பைக்குள் போனது. அங்கே ஏற்கெனவே அவருடைய கைபேசி இருந்தது.

"வா, வா. என்ன சரக்கு வைத்திருக்கிறாய்?" என்றது கைபேசி.

"மூன்று விமானம். எண், நேரம், எல்லாம் இருக்கிறது."

"அவ்வளவுதானா? இதை நான் முக்கால் நிமிஷத்தில் போட்டுவிடுவேன்." வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கைபேசி எல்லாவற்றையும் தேடி முடித்திருந்தது. "இந்த இரண்டாவது விமானத்தைப் பார். அதே ஊருக்கு, அதே நாளில், இரண்டு மணி நேரம் முன்னாலேயே இன்னொன்று போகிறது. மொத்தத்தில் ஒன்பதாயிரம் குறைகிறது. உன் அம்மாவுக்கு இது கண்ணில் படவில்லையா, இல்லை கமிஷன் கிடைக்காது என்று விட்டுவிட்டாரா?"

தாள் யோசித்தது. "அந்த விமானம் ஏன் என்மேல் இல்லை என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது என்மேல் இருப்பதுதான். வேண்டாம் என்றவை எல்லாம் கூடையில் இருக்கின்றன."

"கூடையில் இருப்பதைக் கேட்டு யாராவது பயணம் போவார்களா?" என்றது கைபேசி. குணசீலன் விரலால் ஒரு தட்டு தட்டினார். டிக்கெட் ஆகிவிட்டது.

புதன்கிழமை காலை, கடைக்குள் விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது.

"அம்மாவுக்குக் கேட்கத் தெரியவில்லை. மொத்தம் ஒன்பது மணி நேர வேலை. மணிக்கு இவ்வளவு என்று வைத்தால் தீர்ந்தது" என்றது கடிகாரம்.

"அப்படியானால் மெதுவாகத் தேடுகிறவருக்குத்தான் அதிகப் பணம். கொட்டாவி விட்டால் அதற்கும் சேர்த்து வாங்கலாம்" என்றது பென்சில்.

"டிக்கெட் விலையில் நூற்றுக்கு மூன்று" என்றது கால்குலேட்டர். "சுத்தமான கணக்கு."

"மலிவான டிக்கெட்டைத் தேடிப் பிடித்தால் அம்மாவுக்கு நஷ்டம், விலை கூடினதைத் தலையில் கட்டினால் லாபம். ரொம்பச் சுத்தம்!"

"கடைசியில் கைக்குப் போவது நான் அடிக்கிற பக்கம்தானே? பக்கத்துக்கு இவ்வளவு என்று..." என்று பிரிண்டர் தொடங்கியது. அதற்கு யாரும் பதில்கூடச் சொல்லவில்லை.

"என்னைக் கேட்டால்..." என்றது கூடை.

"உன்னை யார் கேட்டது?" என்றது பலகை.

கூடை அதைப் பொருட்படுத்தவில்லை. "அந்தப் பெண் ஏறப்போகிற மூன்று விமானங்களுக்காக ஒன்றும் வாங்க வேண்டாம். ஏறவிடாமல் தடுத்த விமானங்களுக்காக வாங்கட்டும். வேலை முழுக்க அங்கேதான் நடந்தது. எல்லாம் என்னிடம் இருக்கிறது."

பலகை ஆணியில் ஆடுகிற அளவுக்குச் சிரித்தது. "குப்பைக்கு விலையா!"

அப்போது குணசீலன் படியேறி வந்தார். கையில் அச்சடித்த டிக்கெட்.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. நேத்து போன்லயே போட்டுட்டேன். நீங்க குடுத்த அதே ரூட்டுதான். நடுவுல ஒண்ணு மட்டும் மாத்துனேன், ஒம்போதாயிரம் மிச்சம். அந்தக் கைக்கொழந்தைக்குத் தொட்டில் சீட்டு மட்டும் எப்படின்னு தெரியல. அதைக் கொஞ்சம் சொல்லிடுங்களேன்."

பிலோமினாவின் முகம் சுருங்கிப்போனது. ஒன்றரை நாள் உழைப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர், மீதி இருந்த கொஞ்சத்தையும் கேட்டு வந்து நிற்கிறார். வலித்தது. ஆனாலும் டிக்கெட் என்று ஒன்றை நீட்டினால் வாங்கிப் படிக்காமல் இருக்க அவரால் முடியாது. படித்தார். இரண்டாவது வரியில் கண் நின்றது.

குனிந்து கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாரம் ஒருமுறை, புதன்கிழமை வந்து கட்டடம் முழுக்கக் குப்பை அள்ளுகிற அம்மாள் அன்று இன்னும் வந்திருக்கவில்லை. அது தேன்மொழியின் நல்ல நேரம். கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, நான்காவது தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

"கசக்கும்போது வலித்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்தேன்" என்றது நான்காவது தாள்.

"இது நீங்க போட்டிருக்கற அதே பிளைட்டுதான், தம்பி. ஓரத்துல எழுதியிருக்கறதைப் படிங்க."

குணசீலன் படித்தார். 'இறங்குவது பழைய விமான நிலையம். அடுத்தது ஏறுவது புது விமான நிலையம். நடுவே ஒன்றரை மணி நேரச் சாலை. வெளியே போக அந்த நாட்டு விசா வேண்டும். இவளிடம் இல்லை. கூடாது.'

ஒரே ஊருக்கு இரண்டு விமான நிலையங்கள் இருப்பது உண்டு. எந்த ஊர் என்று பெயர் சொல்லப் போவதில்லை. தப்பு ஊரின்மேல் இல்லை.

குணசீலன் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அங்க எறங்குனா?"

"வெளிய விடமாட்டாங்க. ரெண்டு புள்ளைங்களையும் வச்சுக்கிட்டு அங்கயே உக்காந்திருக்கணும். கடைசியில திருச்சிக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. அதுக்குள்ள முப்பதாம் தேதி போயிரும்."

"அந்த ஊரு பேருதானக்கா ரெண்டுலயும் இருந்துச்சு? நான் அதைத்தான் பாத்தேன்."

"மாத்துறதுக்கு முன்னாடி, இந்த பிளைட்ட ஏன் போடலன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி?"

குணசீலன் டிக்கெட்டையும் நான்காவது தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

டிக்கெட்டை ரத்து செய்தால் பதினோராயிரம் போகும் என்று தெரிந்தது. பன்னிரண்டாவது தாளின் வழி நேற்றைவிட நாலாயிரம் ஏறியிருந்தது. தொட்டில் மாட்டுகிற இருக்கை இன்னும் ஒன்றே ஒன்று காலியாக இருந்தது.

"போட்டுடுங்கக்கா. எவ்வளவு ஆனாலும் பரவால்ல."

பிலோமினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் அந்தக் குரலைக் கடை கேட்டதில்லை. "எவ்வளவு ஆனாலும்னு வேண்டாம். ரெண்டாயிரத்தைநூறு. அதை மொதல்ல வச்சீங்கன்னாதான் கம்ப்யூட்டரைத் தொடுவேன்."

பழக்கதோஷத்தில் குணசீலனின் கண் பலகைப் பக்கம் போனது. பிலோமினா கூடையை மேசைமேல் கவிழ்த்தார். பதினொரு தாள்களும் உருண்டு விழுந்தன.

"பணம் இந்தப் பதினொண்ணுக்கு. பன்னெண்டாவதுக்கு ஒண்ணும் வேண்டாம்."

குணசீலன் பணத்தை எடுத்து வைத்தார். பலகை சிரிக்கவில்லை.

மறுநாள் பலகைக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டை ஒட்டப்பட்டது. 'பல விமானம் மாறும் பயணத்துக்கு வழி தேடித் தர ரூ. 2,500. தேடும் முன் செலுத்தவும்.' எழுதியது பென்சில்தான். அந்த எழுத்தின்மேல் பிலோமினா கறுப்பு மையை இழுத்தார். "என் அழகே போயிற்று" என்று பலகை இரண்டு நாள் முணுமுணுத்தது. அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு, உட்கார்ந்து பணம் கட்டியவர்களும் உண்டு. சிங்கப்பூர்க்காரருக்கு அதே முந்நூறுதான்.

இருபத்தொன்பதாம் தேதி குணசீலன் ஒரு பெட்டி மைசூர்பாகோடு வந்தார்.

"தங்கச்சி போய்ச் சேந்துட்டாக்கா. அப்பனும் புள்ளையும் கொஞ்சிக்கிட்டு இருக்கறதைப் படம் எடுத்து அனுப்பிச்சா." கைபேசியை எடுத்துப் படத்தைக் காட்டினார். பிலோமினா அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"வழியெல்லாம் எப்படி இருந்துச்சாம்?"

"அதைத்தாங்க்கா நானும் கேட்டேன். ஒண்ணுமே நடக்கலங்கறா. எறங்குனாளாம், ஏறுனாளாம், சின்னது தொட்டில்லயே தூங்கிருச்சாம், பெட்டி தானா வந்துச்சாம். அவ்வளவுதான்." குணசீலன் நாற்காலியில் சாய்ந்தார். வெள்ளை அட்டை அவர் கண்ணில் பட்டது. சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கேட்டார்: "ஒண்ணுமே நடக்காததுக்கா என்கிட்ட ரெண்டாயிரத்தைநூறு வாங்குனீங்க?"

பிலோமினா மைசூர்பாகுப் பெட்டியைத் திறந்தார்.

"அதற்குத்தான்" என்றது மேசைக்கு அடியில் இருந்த கூடை.