கடைசியில் நின்றவருக்கு முதல் இலை

ஒரு காட்டுக் குளத்துக்கு நரி காவலனாக இருந்தது. தண்ணீர் குடிக்க எல்லா விலங்குகளும் வரிசையில் நிற்கும். நரியும் அதன் கூட்டமும் மட்டும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விடும்.

"இது என்ன நியாயம்?" என்று கேட்டது கிழட்டுப் பன்றி. நரி அதன் காலைக் கடித்துக் குதறி, குளத்துப் பக்கமே வராதபடி விரட்டிவிட்டது. பன்றி அதை மறக்கவே இல்லை. தொலைதூர ஓடையில் சேற்றுத் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் நரியைத் திட்டித் தீர்க்கும்.

புதுக் காவலனைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. நரியை எதிர்த்துக் கடமான் நின்றது. மலையடிக் குகைதான் வாக்குச்சாவடி. உள்ளே இரண்டு குழிகள். பிடித்தவரின் குழியில் ஒரு கூழாங்கல்லைப் போட வேண்டும். முள்ளம்பன்றிதான் அதிகாரி. பொழுது சாயும் வரைதான் நேரம்.

நரிக்கூட்டம் மர நிழலில் படுத்துக் கிடந்தது.

"வெயிலில் நாம் ஏன் காய வேண்டும்? கடைசி நேரத்தில் உள்ளே புகுந்துகொள்ளலாம்!" என்றது நரி.

பன்றி நொண்டி நொண்டி வந்து வரிசையின் கடைசியில் நின்றது. அது நின்ற சற்று நேரத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

"ஏய் நொண்டி! உனக்கெல்லாம் நேரம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போ!" என்று நரி கொக்கரித்தது.

பன்றி வரிசையை விட்டு நகரவில்லை. இந்த ஒரு கல்லுக்காகத்தானே இவ்வளவு தூரம் நடந்தது!

முள்ளம்பன்றி கை நிறைய ஆலிலைகளோடு வெளியே வந்தது. வரிசையின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசிக்கு வந்து, முதல் இலையைப் பன்றியிடம் நீட்டியது.

"எனக்கா? முதலிலா?"

"ஆமாம், பெரியவரே. பொழுது சாயும்போது வரிசையில் நிற்பவர் எல்லாருக்கும் ஓட்டு உண்டு. இந்த இலைதான் அதற்குச் சீட்டு. இலையைக் கடைசியிலிருந்து கொடுத்தால்தான் உங்களுக்குப் பின்னால் யாரும் வந்து ஒட்டிக்கொள்ள முடியாது."

நரிக்கூட்டம் அலறியடித்து ஓடி வந்தது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பன்றியின் பின்னால் நின்றது.

"நான் யார் தெரியுமா? குளத்துக் காவலன்!"

"அது குளத்தில். இங்கே நீங்கள் வரிசையில் இல்லாதவர்!"

பன்றி உள்ளே போனது. எந்தக் குழி என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. கல்லைப் போட்டுவிட்டு நிமிர்ந்து வெளியே வந்தது.

தன் கூட்டத்தின் ஓட்டே விழாததால் நரி தோற்றது. கடமான் காவலன் ஆனது. நரிமேல் பன்றிக்கு இருந்த கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் அந்தக் குகையைக் கடக்கும்போது மட்டும் நின்று, தலை வணங்கிவிட்டுத்தான் போகும்.

கடைசியில் நிற்பவரின் உரிமையை முதலில் காப்பாற்றும் இடமே கையெடுத்துக் கும்பிடத் தக்க இடம்.